மலை சரிஞ்சா அலறணும்

ஒருத்தர் பாடுபட்டு எழுதின மென்பொருளை உடைச்சுப் பார்க்குறதுதான் என் பொழப்பு. இதே வேலையில மாட்டிக்கிட்டவங்களுக்குத் தெரியும், நம்மள ஆபீஸ்ல ஒருத்தருக்கும் பிடிக்காது. கண்டியில நாங்க செஞ்சது மண்சரிவு ஆப். ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டத்துல மலைக்கு நேர் கீழ, தொழிலாளர் வீடுகள் வரிசையா ஒட்டி இருக்கிற ஒரு லயம் இருக்கு. மழை கூடினா அங்க இருக்கிற போன் எல்லாம் அலறணும். அலறாட்டி ஆளுங்க மண்ணுக்குள்ள.

வயரைப் பிடுங்கினேன்

கரண்டு போனா மாத்து சர்வர் தானா எழும்பும்னு அதை எழுதின குகன் அடிச்சுச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான ஆள். நான் போய் வயரைப் பிடுங்கினேன். ஒண்ணும் எழும்பல, மொத்தமும் செத்துப்போச்சு. அவர் என்னைத்தான் முறைச்சார்: "மழைக்குள்ள ஆரும் வந்து இப்பிடி வயரைப் பிடுங்குவினமோ?"

இடி இடிச்சா

அதைத் திருத்தி, ஒரு மத்தியானம் நல்ல மழையில தோட்டத்துக்கே போய், அலற வைக்கிற பொத்தானை அமத்தினோம். லயத்துல ஒரு சத்தமும் இல்ல. குகன் பிழையைத் தேடித் தேடிக் களைச்சுட்டார். நான் வீடு வீடாப் போய் விசாரிச்சேன். எல்லா வீட்டிலயும் ஒரே கதை. கடைசி வீட்டு சரோஜா அக்கா, துணியில சுத்தின போனை அலுமாரியில இருந்து எடுத்துக் காட்டினாங்க. மழைக்குன்னே செஞ்ச ஆப்புங்க! தலையில கை வச்ச என்னைப் பார்த்து அக்கா சொன்னாங்க: "இடி இடிச்சா ஓஃப் பண்ணிருவோம் மிஸ், இல்லாட்டி மின்னல் இழுத்துரும்."

ஒத்திகை

சரி, போனை மட்டும் நம்பக்கூடாதுன்னு கோயில் ஒலிபெருக்கியையும் ஆப்போட இணைச்சோம். அலறினா மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒத்திகை நாள் தோட்டத் தலைவருக்கு மட்டுந்தான் தெரியும்.

ஒலிபெருக்கி அலறுச்சு. ஒரு வீடு பாக்கியில்லாம வெளிய வந்தாங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறம் பார்த்தா, பாதிப்பேர் பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பல. சரியப்போற மலையோட அடிக்கே ஓடுறாங்க! பேசுற அளவுக்குச் சிக்னல் கிடைக்கிறது அங்க இருக்கிற ரோட்டு வளைவுல மட்டுந்தானாம். ஐயோ, உசிரே போச்சு. கத்திக்கிட்டே ஓடிப்போய் சரோஜா அக்கா கையைப் பிடிச்சு இழுத்தேன். அவங்க காதுல இருந்து போனை எடுக்கவே இல்ல. "கொழும்புல இருக்கிற மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம எப்படி மிஸ் ஓடுறது?"

எங்க ஆப் ஒரு பிழையும் இல்லாம வேலை செஞ்ச அன்னைக்குத்தாங்க, என் பிழைப் பட்டியல்ல அந்த வளைவை முதல் வரியா எழுதினேன்.