மோர் என்று கத்தினால்

ரக்பியில் பந்தை எறிவது என் வேலை. பந்து மைதானத்தின் பக்கக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் இரண்டு அணிகளும் அருகருகே இரண்டு வரிசையாக நிற்கும். நான் கோட்டுக்கு வெளியே நின்று, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு வரிசைக்கும் நடுவே எறிய வேண்டும். எங்கள் வரிசையில் ஒருத்தியை இரண்டு பேர் தொடையைப் பிடித்து உயரே தூக்குவார்கள். அவள் அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். எதிரணியும் தன் பங்குக்கு ஒருத்தியைத் தூக்கிப் பறிக்கப் பார்க்கும். ஆகவே நான் எங்கே எறியப் போகிறேன் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிய வேண்டும், அவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்கு ரகசியச் சொற்கள் உண்டு.

எங்கள் ரகசியச் சொற்கள் சாம்பார், ரசம், மோர்.

முதலில் எண்கள்தான் வைத்திருந்தோம். கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் ஜெயாவில் எங்கள் கிளப்பின் அகாடமியில் சேர்ந்தபோது எனக்கும் என் தோழிக்கும் பதினான்கு வயது. கோச் ஒரு மலாய்க்கார அக்கா. அவர் தாளில் எழுதிக் கொடுத்த எண்களை நான் ஆட்டத்துக்கு ஆட்டம் மறந்து தொலைத்தேன். ஒரு சனிக்கிழமை நன்றாக உதை வாங்கித் தோற்றுவிட்டு, மொத்த அணியும் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோம். வாளியோடு வந்த அண்ணனைப் பார்த்துக்கொண்டே என் தோழி சொன்னாள்: “முன்னால சாம்பார், நடுவுல ரசம், கடைசில மோர். இதையாச்சும் மறக்காம இருப்பியாடி?”

மறக்கவில்லை. வரிசையின் முன்பக்கம் எறிவதானால் சாம்பார், நடுவில் ரசம், கடைசியில் மோர். எறிவதுபோல் ஏமாற்ற வேண்டுமானால் அப்பளம். அப்பளத்தில் சத்தத்துக்கு மேல் ஒன்றும் கிடையாதே. உங்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லையா என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரே அதைத் தாளில் எழுதி ஒட்டினார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அந்த வரிசையை ஒரே இலையில் படித்துக்கொண்டார்கள். அணியில் ‘ரசம்’ என்று மிக அழகாகச் சொன்னவள் ஒரு சீனப் பெண்தான். எனக்கு இன்றும் அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

என் தோழி நெட்டை. நான் குட்டை. இருவருக்கும் வீடு கிள்ளானில். அவள் இருந்தது முதல் மாடி ஃபிளாட். அகாடமியில் எங்களுக்கு முதல் மூன்று மாதம் விழ மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். தோளால் விழு, உருண்டு எழு, மறுபடி விழு. எறியக் கற்றுக்கொண்டது அவள் வீட்டில்தான். அவள் மாடி வராந்தாவில் நின்று கைகளை வெளியே நீட்டுவாள். நான் கீழே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்திலிருந்து எறிவேன். ஆட்டத்தில் அவளைத் தூக்கிப் பிடிக்கிற உயரமும் அந்த வராந்தா உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து வீட்டு ஆன்டி காயப்போட்ட துணியில் பந்து பட்ட நாட்களில் இருவரும் சேர்ந்தே திட்டு வாங்கினோம். ஒரு வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் பந்து அவள் கைக்குப் போனது. அது என் திறமை என்று நான் சொல்லிக்கொள்வேன். அவள் கை நீளம் என்று அவள் சொல்வாள்.

இருபது வயதைத் தாண்டியதும் இருவரும் மலேசிய அணிக்குத் தேர்வானோம். எனக்கு அங்கே இடம் நிலைத்தது. அவளுக்கு நிலைக்கவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் மாற்று ஆளாக இறங்கினாள். அவளுடைய இடத்தில் அவளைவிடக் கனமான இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் நன்றாகவே ஆடினார்கள், குறை சொல்ல வழியில்லை. அவள் முட்டையும் கோழியும் தின்று தீர்த்தாள். எடை மட்டும் ஏறுவேனா என்றது. பட்டியல் வரும்போதெல்லாம் முதலில் என் பெயரைத் தேடிப் பார்த்து, “உன் பேரு இருக்குடி” என்று சந்தோஷமாகச் சொல்வாள். அந்தச் சந்தோஷம் எனக்குத் தாங்கவே முடியாததாக இருந்தது.

ஒரு நாள் கிள்ளானிலிருந்து பயிற்சிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். ஷா ஆலம் தாண்டியதும் அவள் சொன்னாள்: “நான் சிங்கப்பூருக்கு ஆடலாம்னு இருக்கேன்.”

அவளுடைய அம்மா சிங்கப்பூர்க்காரர். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவர். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று, வளைகாப்பு முடிந்த கையோடு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவள் அங்கே பிறந்து, மூன்றாம் மாதம் கிள்ளானுக்கு வந்துவிட்டாள். அவ்வளவுதான் அவளுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு. ஆனால் ரக்பி விதிக்கு அது போதும். ஒரு நாட்டுக்கு ஆடியவர் வாழ்நாளில் ஒரு முறை வேறு நாட்டுக்கு மாறலாம். தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும். மாறும் முன் மூன்று வருடம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு வளைகாப்புக்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று அந்த வளையல் போட்ட பெண்களுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு முன்கோபம் அதிகம். “போ, எங்கயாச்சும் போய் ஆடு” என்று கத்திவிட்டு, பத்து தீகா நிலையத்தில் விடுவிடுவென்று இறங்கிவிட்டேன். ரயில் போனபிறகு திரும்பிப் பார்த்தால், அடுத்த கதவு வழியாக அவளும் இறங்கி நிற்கிறாள்.

“அடுத்த ரயிலு அரை மணி நேரம் கழிச்சுதான்லா” என்றாள்.

அரை மணி நேரம் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். தாமதமாக வந்ததற்குக் கோச் இருவரையும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டார்.

அந்த மூன்று வருடமும் அவள் எங்கள் கிளப்பைவிட்டுப் போகவில்லை. கிளப் ஆட்டத்துக்குத் தடை கிடையாதே. வாரா வாரம் சனிக்கிழமை நான் எறிந்தேன், அவள் பிடித்தாள். என் எறிதல் முன்னைவிட நன்றாக வந்தது அந்த வருடங்களில்தான். எதிர்த்து ஆடக் காத்திருந்த என்னையே அவள் வளர்த்துவிட்டாள். நான் அவளை ‘வெளிநாட்டுக்காரி’ என்று கூப்பிட்டேன். “இன்னும் பதினாலு மாசம் இருக்கு, அதுவரைக்கும் உள்நாடுதான்” என்பாள். வெளியே கேலி செய்தாலும் உள்ளே எனக்குப் பயம் இருந்தது. ஒரு நாள் எங்கள் இருவருக்கும் நடுவே பந்து வரும், அன்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

மூன்று வருடம் முடிந்தது. அவள் சிங்கப்பூர் அணிக்குத் தேர்வானாள். இரண்டாவது ஆட்டமே எங்களோடு, கோலாலம்பூரில். முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸில் அதே கடையில் அதே மேசையில் வைத்து நான் அவளிடம் சொன்னேன்: “நல்லாக் கேட்டுக்க. அன்னிக்கு என் பந்தை மட்டும் நீ தொட்டே, அதுக்கப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். பேச்சே கிடையாது.”

அவள் ரசத்தைக் குழைத்துக்கொண்டே, “நீ எறிஞ்சா நான் பிடிப்பேன், வேற என்னடி செய்யத் தெரியும் எனக்கு?” என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. நான் பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன்.

மலேசிய அணியிலும் நாங்கள் சாம்பார் ரசம் மோர்தான் வைத்திருந்தோம். எங்கள் கிளப்புப் பெண்கள் ஐந்து பேர் அதில் இருந்ததால் அது அப்படியே தொற்றிக்கொண்டது. இப்போது அதைக் கண்டுபிடித்தவளே எதிர்ப்பக்கம் இருக்கிறாள். ஆகவே சொற்களை மாற்றினோம். முன்னால் பூனை, நடுவில் ஆடு, கடைசியில் புலி, எல்லாம் மலாயில்: கூச்சிங், காம்பிங், ஹரிமாவ். ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். பேருந்தில் செய்தேன், குளிக்கும்போது செய்தேன். எல்லாரையும்விட நான் மறந்துவிடுவேன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆட்டம் முழுக்க மறக்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒவ்வொரு எறிதலிலும் அவள் வரிசையில் நின்று என் வாயைப் பார்த்தாள், நான் ‘கூச்சிங்’ என்றேன், ‘காம்பிங்’ என்றேன், அவள் தப்பான இடத்தில் குதித்தாள். சிவப்புச் சட்டையில் அவளைப் பார்க்க வேறு யாரோபோல் இருந்தது. காலுறையை மட்டும் எப்போதும்போல் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் விட்டிருந்தாள்.

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவர்கள் பக்கத்து முனைக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் எங்களுக்கு எறிதல் கிடைத்தது. பந்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துவிட்டால் ஐந்து புள்ளி, வெற்றி. வரிசையின் கடைசியில் எறிவது என்று கண்ணாலேயே முடிவானது. மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தைச் சட்டையில் துடைத்தேன். தலைக்கு மேல் தூக்கினேன். புலி, புலி, புலி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

“மோர்!”

சொன்னபோதே தெரிந்துவிட்டது. ஆனால் கை அதற்குள் எறிந்துவிட்டது. வரிசையில் நின்ற எங்கள் பெண்கள் எல்லாரும் ஒரு கணம்கூடத் தயங்காமல் கடைசிக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். அவள் அசைவைப் பார்த்து அவளுடைய ஆட்கள் தூக்கினார்கள். எங்கள் ஆளைவிட ஒரு சாண் உயரத்தில், பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கே பிடிப்பாளோ அங்கேயே, அந்தப் பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அழகாகப் பிடித்தாள். இறங்கியதும் பின்னால் தள்ளிவிட்டாள், அவர்களில் ஒருத்தி வெளியே உதைத்தாள், ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

நான் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய அணி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தது. அவள் அதிலிருந்து பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பார்த்தால் தோற்ற நான் அழவில்லை, ஜெயித்த அவள் அழுகிறாள். மூக்கு ஒழுக, கன்னமெல்லாம் சேறாக, எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“நான் யோசிக்கவே இல்லடி” என்றாள். “எந்தச் சட்டை போட்டிருக்கேன்னுகூட நெனைக்கல. நீ மோர்னு கத்துனா நான் வேற எங்கடி போவேன்?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்து, அந்தச் சிவப்புத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன். பிறகு அவள் கையைக் கொடுத்தாள், நான் பிடித்து எழுந்தேன்.

முகத்தில் முழிக்க மாட்டேன், பேச்சே கிடையாது என்று சொன்னவள் நான். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு இருவரும் ஒரே காரில் ஏறினோம். அவளுடைய பிடியில் இடது கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது, தூக்கியவர்கள் காலை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், ஈரப் பந்தில் விரல் இப்படி வைக்கக் கூடாது என்று பிரிக்பீல்ட்ஸில் இலை போடும் வரைக்கும் நான் வாயை மூடவே இல்லை.