தனபால் அண்ணனின் மைக் டெஸ்ட்

போன வாரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கச்சேரிக்கு முன்னால் மைக் செட்காரர் தன் போனிலிருந்து ஏதோ ஒரு பாட்டைத் தட்டிவிட்டு ஸ்பீக்கரைச் சரிபார்த்தார். கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகிச் சட்டையில் வழிந்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. அதுவரை தனபால் அண்ணனோடு இருந்தேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் கீபோர்டு, நான் டிரம்ஸ். வாசித்தேன் என்று நான் சொல்வேன். அடித்தேன் என்று என் மனைவி சொல்வாள். அண்ணனின் அப்பாவுக்கு மேட்டூரில் கம்பெனி வேலை. கம்பெனி கிளப்பில் யாரும் தொடாத பியானோ ஒன்று கிடந்தது. ரேடியோவில் கேட்ட ஜாஸை அதில் தட்டித் தட்டியே அண்ணன் பழகினார். பிறகு கிளப்பை மூடினார்கள், பியானோவைக் கரையான் தின்றது, அவர் கீபோர்டோடு திருவிழா மேடைக்கு வந்து சேர்ந்தார். சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பார். ஆனால், பனமரத்துப்பட்டி ஏரி நிறைவதைப் பார்த்துவிட்டு வந்து சொந்தமாக ஒரு மெட்டும் போட்டு வைத்திருந்தார். அதற்கு வார்த்தை கிடையாது. நாலு பேர் அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கச்சேரி என்றால் பிள்ளையார் பாட்டில்தான் தொடங்கும். தொடங்கிவிட்டால் நேயர் விருப்பச் சீட்டுகள் குவிந்துவிடும். அதனால் நாமகிரிப்பேட்டைத் திருவிழாவில் பிள்ளையார் பாட்டுக்கு முன்பே தன் மெட்டை எடுத்தார் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"சத்தம் கடைசி வரைக்கும் நல்லாக் கேக்குதுங்க. டெஸ்டிங் போதுஞ் சாமி, கச்சேரிய ஆரம்பிங்க."

கூட்டம் கை தட்டியது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் டீக்கடையில், "மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்களாண்ணா?" என்றேன்.

"கஷ்டந்தான். ஆனா டெஸ்டிங்னா எவனும் நிறுத்தச் சொல்றதில்ல பாத்தியா? இனி எல்லா ஊர்லயும் டெஸ்டிங் பண்ணிப்போடலாம்."

நீங்கள் சிரிப்பீர்கள், அப்படியேதான் செய்தார். ஊர் ஊராக, வருடக் கணக்கில். ஒரு தடவை வாசித்த மாதிரி மறு தடவை வாசிக்க மாட்டார். ஜாஸ் என்றால் அதுதானாம். "பேஸ் பத்தலீங்ண்ணா, இன்னொருக்கா வாசிங்க" என்று மைக் செட்காரர் கத்தினால் அவருக்கு வாயெல்லாம் பல்.

போன வருடம் அண்ணன் இறந்துபோனார். "அப்பா போட்ட அந்த மெட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா மாமா?" என்று அவர் மகள் கேட்டாள். டிரம்ஸ் பகுதியை மேசையில் தட்டிக் காட்டினேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஊர் ஊராக மைக் செட்காரர்கள் பதிவு செய்து கொடுத்த கச்சேரி கேசட்டுகளை அவர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டோம். அவள் விடாமல் ரிவைண்ட் செய்து செய்து கேட்டாள்.

எல்லாமே பிள்ளையார் பாட்டில்தான் தொடங்கின.