அருட்பிரகாசத்தின் வெளியூர்ச் சனிக்கிழமைகள்

அருட்பிரகாசத்துக்கு உதைபந்தாட்டத்தில் பற்று எதுவும் இருந்ததில்லை. மன்னார்த் தீவின் பேசாலையில் கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்த காலத்தில், கோயில் திருநாளையொட்டி நடக்கும் மச்சுகளுக்கு அவரைக் கூப்பிட்டுக் கோப்பை வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். அவரும் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போனதும் யார் வென்றது என்று மனைவி கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் 1990 ஓகஸ்டிலிருந்து அடுத்த ஆண்டு மே மாதம் வரை, தென் லண்டனின் ஒரு இரண்டாம் டிவிஷன் கழகத்துக்குப் பின்னால் இங்கிலாந்து முழுவதும் அலைந்தார்.

1988இல் லண்டனுக்குத் தனியாகத்தான் வந்தார். மனைவி இம்மாகுலேற்றும் மகள் ஜெசிந்தாவும் பேசாலையிலேயே இருந்தார்கள். முதல் இரண்டு வருடம் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். 1990 ஜூன் தொடக்கத்தில் தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை கிடைக்கவே, நோர்பரிக்கு மாறினார். தங்கியது ஊர்க்காரர் கிறிஸ்துநாயகத்தின் வீட்டில், மாடியில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் மட்டும் கொள்ளும் அறையில். புது விலாசத்தை எழுதி இம்மாகுலேற்றுக்குக் கடிதம் போட்ட அதே கிழமையில் நாட்டில் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. மன்னாருக்குத் தபால் நின்றது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. ஊர்ச் சனம் மடு மாதா கோயிலுக்கு ஓடிவிட்டது என்றார்கள் சிலர். வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டது என்றார்கள் வேறு சிலர். இந்தியக் கரையிலிருந்த மண்டபம் அகதி முகாமுக்கு இரண்டு கடிதம் போட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தார். ஒருநாள் இல்ஃபோர்டுக்குப் போய்ப் பழைய வீட்டுக் கதவைத் தட்டினார். கூட இருந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். புதிதாகக் குடிவந்திருந்த பெண் கதவைப் பாதி திறந்து, கடிதம் ஒன்றும் வரவில்லை என்று சொல்லி மூடிவிட்டாள்.

வேலை நாட்கள் ஒருமாதிரி ஓடின. சலவை இயந்திரங்களின் இரைச்சலில் எதையும் நினைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை இருந்தது. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஆளுக்கொரு செய்தி சொல்வார்கள். சனிக்கிழமைதான் கொடுமை. அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தால் கால் நில்லாது. கீழே போன் அடித்தால் மூன்று மூன்று படியாகப் பாய்ந்து வருவார்; எடுத்தால் அது கிறிஸ்துநாயகத்தின் மனைவி டொலறஸுக்குப் பக்கத்து ஊரான மிட்சமிலிருந்து யாரோ எடுத்ததாக இருக்கும். எனவே சனிக்கிழமைகளில் நடக்கத் தொடங்கினார். ஸ்ட்ரெதம் வரை போய்த் திரும்புவார், மிட்சம் வரை போய்த் திரும்புவார். எங்கே போனீர் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இராது.

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை அப்படி நடந்துகொண்டிருந்தபோது தெருவெல்லாம் ஆட்கள். எல்லாரும் ஒரே திசையில் போனார்கள். எதிர்த்து நடப்பதை விட அவர்களோடு போவது சுலபமாக இருந்தது. போனார். வாசலில் டிக்கட்டுக்கு வரிசை நின்றது, அதிலும் நின்றார். அதுதான் கிறீன்லேன் ரோவர்ஸ் கழகத்தின் மைதானம். மண்ணிறமும் மஞ்சளும் போட்ட பதினொரு பேர், ஆயிரக்கணக்கான சனத்தின் வசவுக்கு நடுவே ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடித்தார்கள். மச் முடிந்து வெளியே வந்தபோதுதான் அருட்பிரகாசத்துக்கு உறைத்தது: ஒன்றேமுக்கால் மணி நேரம் அவர் பேசாலையை நினைக்கவே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அடுத்த சனி எப்போது வரும் என்று இருந்தது.

அடுத்த சனி காலை எட்டரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டார். வாசல் பூட்டிக் கிடந்தது. கார் நிறுத்துமிடத்தில் ரசிகர்களுக்கான ஒரு கோச் பஸ் மட்டும் நின்றது. அதன் படியில், கையில் பெயர்ப் பட்டியலோடு, அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார். அவர் பெயர் பியற்றிஸ். முன்பு லண்டன் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். இன்றைக்கு ஆட்டம் இங்கே இல்லை, வெளியூரில் என்றார். அருட்பிரகாசம் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். போக வேறு இடமில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒரு சீட் இருக்கிறது, வருகிறீரா என்று பியற்றிஸ் கேட்டார். ஏறிக்கொண்டார். எந்த ஊருக்கு என்று கேட்கத் தோன்றியது லண்டன் எல்லையைத் தாண்டிய பிறகுதான். பிளிமத், என்றார் பக்கத்தில் இருந்தவர். போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும் என்றார். அதைக் கேட்டு அருட்பிரகாசம் சந்தோஷப்பட்டார்.

அந்தக் கோச்சில் அவர் கண்டுபிடித்தது இதுதான்: ஓடுகிற வண்டிக்குள் இருந்தால் உடம்பு அமைதியாக இருந்தது. அவருக்குப் பதிலாக வண்டி அலைந்தது. அதன்பின் ஒரு வெளியூர் ஆட்டத்தையும் அவர் விடவில்லை. டொலறஸ் கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் பையில் இருக்கும். முதல் மாதம் அவரோடு யாரும் அதிகம் பேசவில்லை. ஒரு ஊரில் எதிர்ப்பக்கத்துப் பொடியன்கள் அவரைப் பார்த்துக் குரங்கு போலச் சத்தம் போட்டார்கள். அன்று திரும்பும்போது கோச்சில் கடைசி வரிசைத் தடியன் ஒருவன், எழும்பி வந்து தன் சிப்ஸ் பொட்டலத்தை அவர் முன்னால் நீட்டினான். அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள். பெயர் நீளம் என்று அவரை 'ஆர்ட்' என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் நிம்மதியின் பின்னாலேயே பயமும் ஏறிக்கொண்டது. தான் இல்லாத நேரம் பார்த்துப் போன் வந்தால்? அதற்கு ஒரு வழி செய்தார். சீசன் முழுவதற்குமான ஆட்டப் பட்டியலைக் கிறிஸ்துநாயகத்தின் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். எந்தச் சனி எந்த ஊர் என்று அதில் இருந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு போன் பெட்டியைத் தேடி வீட்டுக்கு எடுப்பார். "ஒண்டும் இல்லைத் தம்பி" என்பார் டொலறஸ். அதைக் கேட்ட பிறகுதான் மைதானத்துக்குள் போவார். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியவுடன் ஓடுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்த பியற்றிஸ், நவம்பரில் ஒருநாள் ஏன் என்று கேட்டார். அருட்பிரகாசம் தனக்கிருந்த இங்கிலீஷில் சொன்னார். பியற்றிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த பயணத்திலிருந்து டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டை அவருக்கு ஒதுக்கினார், முதலில் இறங்கட்டும் என்று.

ரோவர்ஸின் நிலையும் அவருடைய நிலையைப் போலத்தான் இருந்தது. கிறிஸ்மஸுக்கு நாலாம் இடத்தில் நின்றார்கள். மேலே, முதலாம் டிவிஷனுக்கு ஏறிவிடுவார்கள் என்று பேச்சு. ஜனவரியில் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றுப் பத்தாம் இடம். பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டியது. இரண்டு சனிக்கிழமை ஆட்டமே இல்லை. முதல் சனி அருட்பிரகாசம் அறைக்கும் குசினிக்கும் நாற்பது தரம் நடந்தார். இரண்டாம் சனி, பனியை அள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, சவளோடு மைதானத்துக்குப் போக வெளிக்கிட்டார். வாசலில் கிறிஸ்துநாயகம் மறித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வாடகையைக்கூட நேரத்துக்குக் கேட்க மாட்டார். ஆனால் கோயில் முற்றத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியது அவர் காதுக்கு வந்திருந்தது.

"சனம் என்ன சொல்லுது தெரியுமே?" என்றார். "பெண்சாதி பிள்ளை உயிரோடை இருக்கினமோ எண்டு தெரியாது, இவன் ஊர் ஊராய்ப் பந்தடி பாத்துத் திரியிறான் எண்டு சொல்லுதுகள். எனக்கும் மனம் கேக்கேல்லைத் தம்பி."

அருட்பிரகாசம் சவளைச் சுவரில் சாத்தினார்.

"வீட்டிலை இருக்கச் சொல்லுறியளோ? இருக்கிறன். இருந்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. போன சனிக்கிழமை அந்த யன்னலைத் திறந்துபோட்டுக் கனநேரம் கீழை பாத்துக்கொண்டு நிண்டனான்."

கிறிஸ்துநாயகம் சவளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். உள்ளே போய்த் தன்னுடைய தடித்த கையுறையையும் எடுத்து வந்து கொடுத்தார். அன்று அருட்பிரகாசம் முப்பது பேரோடு சேர்ந்து மாலை வரை பனி அள்ளினார். அப்படியும் ஆட்டம் நடக்கவில்லை.

மார்ச்சில் ரோவர்ஸ் மறுபடி வெல்லத் தொடங்கினார்கள். அந்த வருடம் ஏழாம் இடத்துக்குள் முடித்தால் மேலே ஏறுவதற்கு இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. ஏப்ரல் கடைசியில் பார்ன்ஸ்லிக்குப் போனபோது எட்டாம் இடத்தில் இருந்தார்கள். வழியில் விபத்து ஒன்றால் பாதை அடைபட்டு, கோச் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. போன் எடுக்க நேரமில்லை. எல்லாரும் ஓடினார்கள், அவரும் ஓடினார். முதல் பாதி முழுவதும் பந்து எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வழமையான ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்று பட்டுக்கொண்டே இருந்தது. இடைவேளைக்கு விசில் ஊதியதும் பியற்றிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், காவலரிடம் என்னவோ சொல்லி, கதவைத் திறப்பித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் போன் பெட்டி இருந்தது.

டொலறஸ் எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தம்பி, எங்கை போனீங்கள்? எவ்வளவு நேரமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறம். கடிதம் வந்திருக்கு. இம்மாகுலேற்றின்ரை கையெழுத்து. பிள்ளையும் சுகமாம்."

அவர் இருந்து கேட்க அங்கே இடமில்லை. கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். டொலறஸ் வாசித்தார். அவர்கள் ஓகஸ்டிலேயே வள்ளத்தில் ராமேஸ்வரம் போயிருந்தார்கள். மண்டபத்தில் இடமில்லாமல் திருவண்ணாமலைப் பக்கத்து முகாமொன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். பழைய இல்ஃபோர்ட் விலாசத்துக்கு இம்மாகுலேற் ஒன்பது கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இந்தப் பத்தாவதை முகாமுக்கு வரும் சாமியாரிடம் கொடுக்க, அவர் லண்டன் தமிழ்ச் சாமியாரின் பெயருக்கு அனுப்பி, அது அன்று காலைத் தபாலில் வர, லண்டன் சாமியார் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கடைசி வரியை டொலறஸ் இரண்டு தரம் வாசித்தார். 'நீங்கள் இருக்கிறீங்களோ, இல்லையோ?' என்று எழுதியிருந்தாள். காசு முடிந்து போன் வெட்டுப்பட்டது.

திரும்பி உள்ளே போனார். உடனே லண்டனுக்குப் போக வேண்டும். ஆனால் ஆட்டம் முடியாமல் கோச் புறப்படாது. ரயில் எங்கே என்று யாரிடமோ கேட்டார், பதிலைக் கேட்காமலே நகர்ந்தார். படிக்கட்டில் ஏறினார், இறங்கினார். பியற்றிஸ் அவரைப் பார்த்து, கெட்ட செய்தியா என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு, "இரண்டு பேரும் இருக்கிறார்கள்" என்றார். பியற்றிஸ் அவருடைய கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை விடவே இல்லை. ரோவர்ஸ் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். சுற்றி நின்ற பெரிய ஆண்களெல்லாம் தலையில் கைவைத்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவே அருட்பிரகாசம் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒருவரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

மே மாதம் கழகம் எட்டாம் இடத்தில் முடித்தது, ஒரு புள்ளி குறைவில்.

அதன் பிறகு விசாவுக்கு அலைந்தார். இரண்டு வருடம் போயிற்று. 1993 மார்ச்சில் இம்மாகுலேற்றும், பத்து வயதாகியிருந்த ஜெசிந்தாவும் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். நோர்பரியிலேயே ஒரு சின்னப் பிளாட்டில் குடியேறினார்கள். வந்த மூன்றாம் நாள், கடிதமில்லாமல் இருந்த அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று இம்மாகுலேற் கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். ஊர்களின் பெயரையெல்லாம் சொன்னார்.

"நாங்கள் செத்தமோ இருக்கிறமோ எண்டு தெரியாமல் இருக்கேக்கை மச் பாத்தனீங்கள்" என்றாள். பத்து நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பதினோராம் நாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "முகாமிலை தண்ணிக் குழாயடியிலை வரிசை நிக்கும். என்ரை குடம் நிரம்பியிருந்தாலும் நான் போய் நிப்பன். முறை வந்தா பின்னாலை நிக்கிறவையை விட்டுட்டுத் திரும்பக் கடைசியிலை போய் நிப்பன். எல்லாரும் எனக்கு மூளை தட்டிப்போட்டுது எண்டவை."

அவர் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தார். பழக்கமில்லாத கை; கோணலாக மடித்தார். அவள் அதை வாங்கி உதறி மறுபடி மடித்தாள்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக வீட்டில் இருந்தார் என்று சொல்ல ஆசைதான். அந்த வருடம் டிவிஷன்களின் பெயரை மாற்றி, ரோவர்ஸ் ஆடுவதை முதலாம் டிவிஷன் என்று ஆக்கியிருந்தார்கள்; இருந்தது பழைய இரண்டாம் படியில்தான். அடுத்த சனி காலை எட்டு மணிக்கு அருட்பிரகாசம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார், போவதா விடுவதா என்று. ஜெசிந்தா எங்கே போறீங்கள் அப்பா என்று கேட்டாள். பார்ன்ஸ்லி என்ற ஊருக்கு, என்றார். அது எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். வடக்கே, போய்ச் சேர நாலரை மணி நேரம் என்றார்.

இம்மாகுலேற் குசினியிலிருந்து இரண்டு பொதி சாப்பாட்டோடு வந்தாள். ஒன்று அவருக்கு, மற்றது அந்தப் பியற்றிஸ் அம்மாவுக்கு என்றாள்.