பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒரு பெருமை உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒரு வண்டியும் ஒரு சுவரில்கூட உரசியதில்லை. காரணம், அவர் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக். கற்றுக்கொடுக்கிற கார்களில் மாஸ்டர் பக்கத்திலும் ஒன்று வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் மாஸ்டர் மிதித்துவிடுவார். மிதித்த கையோடு, என்ன தப்பு என்ற விளக்கமும் வந்துவிடும்.

அப்படி மிதிப்பது நல்லதில்லை என்று அவருக்கே தெரியும். ஸ்கூலில் புதிதாகச் சேர்கிற மாஸ்டர்களிடம் சொல்வார்: “ரொம்ப மிதிக்காதீங்கப்பா. ரொம்ப பிரேக் வாங்கினவன் ரோட்டப் பாக்க மாட்டான், நம்ம காலத்தான் பாப்பான். அப்புறம் அவனத் தேத்தறது ரொம்பக் கஷ்டம்.” சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறி, தெரு முனை தாண்டுவதற்குள் நாலு தடவை மிதிப்பார். ஊருக்குத்தானே உபதேசம்.

அந்த மாஸ்டர் இப்போது அறுபத்தாறு வயதில் ஒரு பயிற்சி மையத்துப் பெஞ்சில் மாணவராக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி. இருவரும் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர்கள். அந்தச் சபையில் இருபது வயதுப் பிள்ளைகள் மிஷனரிகளாகப் போவது ஊருக்கே தெரியும். வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடப்பார்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஓய்வு பெற்ற தம்பதிகளும் அப்படிப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. போவதற்கு முன் பயிற்சி. கறுப்புப் பெயர் அட்டை ஒன்றைச் சட்டையில் மாட்டிவிட்டு, ஆண்களை எல்டர் என்று கூப்பிடுவார்கள், அதாவது பெரியவர். மீசை அரும்பாத பையனும் எல்டர்தான், மாஸ்டரும் எல்டர்தான். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது “எல்டர்” என்றால் பத்துத் தலை திரும்பும்; அதில் ஒன்பது தலை கருகருவென்று இருக்கும்.

ஜோடியாக வந்தவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது அங்கே முதல் விதி. “கல்யாணத்துலகூட இவ்வளவு கறாரா சொல்லலையே” என்று மாஸ்டர் சொல்ல, வகுப்பே சிரித்தது. இரண்டாவது விதியைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வீட்டுக்குள் போய்ப் பேசும்போது ஒருவரே பேசிக்கொண்டு போகக் கூடாது. கொஞ்சம் பேசிவிட்டு மற்றவரிடம் விட வேண்டும். மற்றவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், குறுக்கே விழக் கூடாது. முந்திரிக்கொட்டைகளுக்காகவே போட்ட விதி.

மிஷனுக்குப் போக ஆசைப்பட்டது மாஸ்டர் இல்லை, அவர் மனைவி. அதுவும் இன்று நேற்று வந்த ஆசை இல்லை. இருபத்தொரு வயதில் அவளுக்கு அழைப்பு வந்து, துணிமணி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. அப்போதுதான் மாஸ்டர் அவளைப் பெண் கேட்டார். போய்விட்டு வந்து கல்யாணம் செய்துகொள்ளலாமே, ஒன்றரை வருஷம்தானே என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். “ஒன்றரை வருஷமா? அதுவரைக்கும் நான் என்ன, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கறதா?” என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம் என்று அவரே முடிவு கட்டினார்.

பிறகு அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். பிரிவு உபசார விழாவில் டாக்டர் சொன்னதைக் கேட்டு மாஸ்டர் அசந்துபோனார். பாதிப் பேர் தன்னிடம் வருவதே இந்த அம்மாவின் பேச்சுக்காகத்தான் என்றார் டாக்டர். நடுங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறுகிறவர்களிடம் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பாளாம். கடைசியில் தோளில் கையை வைத்து, “ஒண்ணும் இல்லைங்க, முடிஞ்சிடுச்சு” என்பாளாம். பெரிய ஆம்பளைகள்கூட அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்களாம். இவள் அவ்வளவு பேசுவாளா என்று மாஸ்டருக்கு ஆச்சரியம். வீட்டில் அவர் கேட்டதில்லை. அன்று திரும்பி வரும்போது அவள், “இப்பவாவது போலாமா?” என்றாள். அந்த ‘இப்பவாவது’ அவருக்குச் சுருக்கென்றது. தலையாட்டினார்.

பயிற்சி மையத்தில் ஓர் அறையை வீடு மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். ஒரு சோபா, குட்டை மேஜை, பிளாஸ்டிக் பூ, எதிரே இரண்டு நாற்காலி. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், வீட்டுக்காரராக நடிக்கிறவரோடு பேசிப் பழக வேண்டும். மூலையில் பயிற்சியம்மா உட்கார்ந்து கவனிப்பார். தானும் கணவரோடு இப்படி ஊழியத்துக்குப் போய் வந்து, பிறகு கணவரை இழந்தவர் அவர். முழங்காலில் பட்டை கட்டியிருப்பார்.

இவர்களுக்கு வீட்டுக்காரராக வந்தவர் ஒரு தச்சர். விரல் நகமெல்லாம் வார்னிஷ் கறை. நடிக்கத் தெரியாதவர், அதனால் தன் கதையையே சொன்னார். “எம் பொண்ணு எங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சுங்க. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா. இதுக்கு உங்க வேதம் என்ன சொல்லுது?”

மாஸ்டரின் மனைவி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். “எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கா...”

“குடும்பத்தப் பத்தி வேதம் என்ன சொல்லுதுன்னா,” என்றார் மாஸ்டர். அப்புறம் அவர்தான். தச்சர் முதலில் கேட்டார், பிறகு தலையாட்டினார், பிறகு பிளாஸ்டிக் பூவைப் பார்த்தார். வெளியே வந்ததும் மாஸ்டர் திருப்தியாக, “எப்படி?” என்றார். “நல்லா இருந்துச்சு” என்றாள் மனைவி.

அவர்கள் வீட்டில் ஒரு மகள் இருந்தது நிஜம்தான். ஒரே மகள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அப்பாவிடம் வராமல், எதிர்த் தெருவிலிருந்த வேறு ஸ்கூலில் சேர்ந்தவள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு ஒருநாள் சாயங்காலம் போன் செய்தாள். “அப்பா, என்னால இங்க இருக்க முடியும்னு தோணல. நான் என்ன சொல்றேன்னா...” என்று ஆரம்பித்தாள். “பொறுத்துப் போம்மா,” என்றார் மாஸ்டர், “குடும்பம்னா முன்னப் பின்னதான் இருக்கும்.” இன்னும் நிறையச் சொன்னார். “சரிப்பா” என்று மகள் வைத்துவிட்டாள். கொஞ்ச காலத்தில் அவள் கணவனை விட்டு வந்து தனியாக இருப்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ‘நான் என்ன சொல்றேன்னா’ என்று ஆரம்பித்தாளே, அதன் மிச்சம் என்ன என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் மகளின் போன் வரும். ஒருநாள் மறந்துபோன கண்ணாடியை எடுக்க அவர் வீட்டுக்குத் திரும்பியபோது, மனைவி போனில், “ஆமா, வந்துட்டார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டதைக் கேட்டார். கேட்காத மாதிரி கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

பயிற்சி முடிய இருந்த சமயத்தில் பயிற்சியம்மா இருவரையும் கூப்பிட்டார். “நீங்க போற ஊர்லேந்து மிஷன் தலைவர் பேசினாரு. வீடு வீடா போய்க் குடும்பங்களப் பாக்க ஒரு தம்பதி வேணுமாம். ரெண்டு பேருமே பேசறவங்களா இருக்கணும். இல்லைன்னா ஆபீஸ்ல வேல இருக்கு, துணி, புத்தகம், சாமான் கணக்கெல்லாம் பாத்துக்கணும். நாளைக்கு ஒரு தடவ உங்களப் பாத்துட்டு நான் சொல்லணும்.” மாஸ்டரின் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “எனக்கு வீடுங்களுக்குப் போகணும்னுதான் ஆச” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் முடித்தது மாஸ்டர் அப்போது தும்மியதால்தான்.

வாரம் ஒருமுறை ஜோடிகள் தனியாக உட்கார்ந்து, அடுத்தவர் எதை மாற்றிக்கொண்டால் நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அன்று துணி துவைக்கிற அறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே இவர்கள் துணி மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

“தாராளமா சொல்லு” என்றார் மாஸ்டர்.

“ஒண்ணும் இல்லையே.”

“விதிம்மா. சொல்லித்தான் ஆகணும்.”

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பிரேக் போடாதீங்க” என்றாள்.

“வண்டியே இல்ல, எங்கேருந்து பிரேக்?”

“உங்க கால். நான் பேச ஆரம்பிச்சா உங்க வலது கால் தரைய அமுக்கும். அந்தக் காலத்துலேந்தே அப்படித்தான். அதப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சிடும், இனிமே நீங்கதான்னு. உங்க வாய்க்கு முந்தி உங்க கால் பேசிடும்.”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். செருப்பு தைப்பவர் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது: உங்களுக்கு வலது அடிதான் சீக்கிரம் தேயுது சார். வண்டியால் என்று நினைத்திருந்தார். இப்போது காலில் இருப்பது ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய ஷூ. கழற்றித் திருப்பிப் பார்த்தார். வலது அடிதான் தேய்ந்திருந்தது.

“இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“ரெண்டு மூணு தடவ சொல்ல ஆரம்பிச்சேன்” என்றாள் அவள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சும்மா தகவல் சொல்கிற குரல். அதுதான் அவரைக் கொன்றது. மெஷின் நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க அழைத்துப் போனது ஞாபகம் வந்தது. மருந்துக் கடைத் திருப்பத்தில் அவள் வண்டியை நிறுத்தி, சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதை அவர் எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எத்தனை பேச்சு பாதியில் நின்றிருக்கும் என்று இப்போது நினைத்தால் அவருக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும், நாளைக்கு வாயைத் தைத்துக்கொண்டாவது உட்காருவது, அவளை வீடுகளுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

மறுநாள் அதே அறை, அதே தச்சர். மாஸ்டர் வணக்கம் சொல்லி நாலு வார்த்தை பேசிவிட்டு, விதிப்படி மனைவி பக்கம் திரும்பினார். இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு இழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார்.

“பொண்ணு இன்னும் பேசலைங்களா?” என்று அவள் தச்சரைக் கேட்டாள்.

“இல்லைங்க.”

“எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கா. எங்கிட்ட பேசுவா. அவங்க அப்பாகிட்ட பேச மாட்டா.”

மாஸ்டருக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பின்னிய கால் பின்னியபடியே இருந்தது. மூலையில் பயிற்சியம்மாவின் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“அவளுக்கு அப்பா மேல கோவம்னு எல்லாரும் நெனைக்கறாங்க,” என்றாள் மனைவி. அவள் குரல் மாறியிருந்தது. தச்சர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். பல் டாக்டரின் நாற்காலியில் படுத்திருந்தவர்கள் கேட்ட குரல் இதுதான் போலிருக்கிறது, மாஸ்டர் முதல் தடவையாகக் கேட்கிறார். “கோவம் இல்லைங்க. அவ எங்கிட்ட என்ன சொன்னான்னா...”

அங்கே நின்றாள்.

யாரும் குறுக்கே பேசவில்லை. கதவு தட்டப்படவில்லை. அவள் தானாகவே நின்று, தலையைக் குனிந்து, நாற்காலிக்கு அடியில் இருந்த அவருடைய வலது ஷூவைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்பத்துக்கு முன்னால் ரோட்டை விட்டுவிட்டு மாஸ்டரின் காலைப் பார்க்கிற எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“சொல்லும்மா” என்றார் மெதுவாக. “நீயே சொல்லு.”

அவள் தச்சரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தாள். “மீதிய இவரு சொல்லுவாருங்க” என்றாள்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவருக்குச் சொல்ல ஆசைதான். அவளுக்காக, அந்த வீடுகளுக்காக, எதையாவது சொல்லி அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய்விட ஆசை. ஆனால் மகள் என்ன சொன்னாள்? கோபம் இல்லையென்றால் வேறென்ன? அவர் கேட்டதே இல்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் தச்சரிடம். “எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

தச்சர் தன் வார்னிஷ் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பயிற்சியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, ஆபீஸ் வேலையும் நல்ல வேலைதான் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். மாஸ்டர் தலை நிமிரவில்லை. மனைவி அவர் பக்கம் சாய்ந்து தோளில் கையை வைத்தாள்.

“ஒண்ணும் இல்லைங்க,” என்றாள், “முடிஞ்சிடுச்சு.”