லைட்டு அணையும்வரை

சாம்சன் அண்ணனைப்போல் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்து என்னைப்போல் எரிச்சல்பட்டவர்களும் இருக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச் முடிந்ததும் பொன்னேரியில் ரயிலேறி வருவார். சாப்பாட்டுப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் கம்ப்யூட்டரில் மாட்டுவார்.

அதற்குள் இருந்தது அவருடைய பத்து வருஷம். இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர் பெயர் மட்டும் அடிக்கடி மாறும்; உலையும் மாறாது, சாம்சனும் மாறமாட்டார். இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் வேலை செய்ததைக் காட்ட இவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள் வருகைத்தாளைக் கேட்டருகே ஒட்டுவார்கள், மஸ்டர் என்பார்கள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைப் போனில் படம் பிடித்து வைத்தது இவர் ஒருவர்தான். தனக்காக மட்டுமல்ல, கூட வேலை செய்த பத்தொன்பது பேருக்காகவும்.

படங்களை ஏற்றி முடித்தால் எழுந்து போகவேண்டியதுதானே? போகமாட்டார். இப்போது எடுக்கலாம் என்று திரையில் வரவேண்டும். வந்தாலும் நம்பமாட்டார். கம்ப்யூட்டரையே நிறுத்தச் சொல்லிவிட்டு, டிஸ்க்கின் நீல லைட்டு அணையும்வரை உட்கார்ந்திருப்பார். அப்புறம் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"இன்னாண்ணா, ஜொரமா அடிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மோட்டார ஆஃப் பண்ணாலும் கம்பி உருட்டற ரோலு கொஞ்ச நேரம் சுத்திக்கினேதாம்மா இருக்கும். நின்னுபோச்சுனு கை வெச்சான் எங்க தாவீது. இப்ப அந்தக் கையில மூணு வெரலு."

அதற்கப்புறம் நான் கிண்டல் செய்யவில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது.

போன வருஷம் இருபது பேரும் சேர்ந்து கேஸ் போட்டார்கள். திருவள்ளூர் வக்கீல் நந்தினி, படங்களை உடனே பென் டிரைவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். போனில் இருந்ததை ஏற்றியதும் அழித்துவிடுவார், வேறு காப்பி எங்கேயும் இல்லை. ஆயுத பூஜையன்று காலையில் சாம்சன் வந்து உட்கார்ந்தார். பழைய டிஸ்க், எறும்பு ஊர்கிற மாதிரி காப்பி ஆனது. கம்பெனியில் பதினோரு மணிக்குப் பூஜை. வருஷா வருஷம் எல்லோரையும் மிஷின் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, பொரி பாக்கெட் கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கு வராத கான்ட்ராக்ட் ஆளை மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

"ஈஸ்வரிம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும். லைட்டு அணையற வரிக்கும் கை வெக்காத."

"ஆறு வருஷமா பாக்கறேன், எனுக்குத் தெரியாதா? நீ போண்ணா," என்றேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் குணா பூசணிக்காயோடு வந்து நின்றார். "ராகு காலம் பொறக்கப் போவுது, இன்னும் இன்னா பண்ணிக்கினு கீற?"

படைக்கும்போது ஒரு மிஷினும் ஓடக்கூடாது, அது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டரை நிறுத்தினேன். காப்பி முடியவில்லை, நிறுத்தட்டுமா என்று கேட்டது. நிறுத்து என்று அழுத்தினேன். திரை கறுத்துப்போனது, லைட்டு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பார்த்தேன். மறுநாள் மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்று டிஸ்க்கைப் பிடுங்கினேன். கையில் கிர்ரென்றது. அதைக் கவிழ்த்து ஈரத்துணியால் துடைத்தேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், கத்தரிக்கோலுக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில் பலகையில் வைத்தேன். மரியாதையாகத்தான் செய்தேன்.

படைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் சாம்சனே வந்து மாட்டினார். டிக், டிக் என்று சத்தம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. வக்கீல் கோர்ட்டில் இரண்டு வாரம் வாய்தா வாங்கிக் கொடுத்தார். சென்னையில் மூன்று கடை ஏறி இறங்கினோம். சுற்றிக்கொண்டிருந்த தட்டை உள்ளே இருக்கும் ஊசி கீறிவிட்டது, இனி எதுவும் எடுக்க முடியாது என்று மூன்று பேரும் கையை விரித்தார்கள்.

பென் டிரைவில் ஒரே ஒரு ஃபோல்டர் ஏறியிருந்தது. எழுத்து வரிசையில் மஸ்டருக்கு முன்னால் வந்தது அது: ஆயுத பூஜை. வருஷத்துக்கு ஒன்றாகப் பத்து போட்டோ. மாலை போட்ட மிஷின் முன்னால் இருபது பேரும் பொரி பாக்கெட்டோடு நிற்கிறார்கள்.

நந்தினி மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத வெச்சு பத்து நாள் நீங்க அங்க இருந்தீங்கன்னு சொல்லலாம், சாம்சன். ஆனா அந்தப் பத்து நாளும் வேலையே நடக்கல."

கேஸ் நிற்கவில்லை. இருபது பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். தாவீது இப்போது மூன்று விரலோடு செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார். சாம்சன் என்னைத் திட்டியிருந்தால் ஒரு மூச்சு அழுதாவது தீர்த்திருப்பேன்.

போன மாதம் கடைக்கு வந்தார். அதே கம்பெனி, புதுக் கான்ட்ராக்டர், புது ஆளாகச் சேர விண்ணப்பம். நான் டைப் அடித்துக்கொண்டே வந்தேன். முன் அனுபவம் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இன்னா போடட்டும்ணா?"

"இல்லனு போடும்மா. கேஸ் போட்ட ஆளுனு இந்தக் கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா சேக்கமாட்டான்."

இல்லை என்று அடித்தேன். ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் நீட்டிய பென் டிரைவில் விண்ணப்பத்தை ஏற்றினேன். அதே பென் டிரைவ்தான். ஏறி முடிவதற்குள் எட்டிப் பிடுங்கினார்.

"அண்ணா, லைட்டு எரியுது," என்றேன்.

"எரியட்டும்மா. உள்ள இன்னா கீது?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.