பச்சை விளக்குக்கு மார்க் போடுகிறவள்

சாலைச் சந்தியில் காத்திருந்தே வாழ்நாளில் பாதியைக் கழிக்கும் என் சக பினாங்குவாசிகளே, அந்தக் காத்திருப்பை அளந்து மார்க் போடுவதுதான் என் தொழில்.

ஜார்ஜ் டவுனில் இப்போது கம்ப்யூட்டர் விளக்குகள் வந்திருக்கின்றன. தாருக்கு அடியில் கம்பி புதைத்திருக்கிறார்கள். வண்டி வருவதை அறிந்து விளக்கு தானே பச்சையாகுமாம். உண்மையிலேயே பயணம் சுருங்குகிறதா என்று பார்க்க ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. கான்வென்டில் ஆங்கிலமும் கணக்கும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் லாரியைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும். ஜனவரியில் மகள் முதலாம் வகுப்பு. நாங்கள் சோதிக்கும் சந்தி ஒன்றைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்கூடம்.

ஓடாத சோதனைக் கார்

பயண நேரத்தை அளக்க ஒரு சோதனைக் கார்; எத்தனை வண்டிகள் எங்களை முந்துகின்றனவோ அத்தனையை நாங்களும் முந்த வேண்டும். அப்போதுதான் எங்கள் காரின் நேரம் ஊரின் நேரம். டிரைவர் மணியம் அண்ணன் ஓட்ட, பக்கத்தில் நான் ஸ்டாப்வாட்சோடு. பாயான் பாரு பக்கம் போகும் பேக்டரி பஸ் நெருங்கும்போதெல்லாம், “அண்ணே, மெதுவா, மெதுவா!” என்று அலறினேன். வார முடிவில் பார்த்தால், பழைய விளக்குகளைவிடப் புது விளக்குகள் மோசம்! இஞ்சினியர் சிவபாலன் சார் தலையில் கை வைத்தார்.

மணியம் அண்ணன் சொன்னார்: “லைட்டு மேல தப்பில்ல சார். இந்தத் தங்கச்சியை இறக்கிவிட்டுட்டுச் சோதிங்க லா, வண்டி தானா ஓடும்!”

குடையும் அட்டையும்

இறக்கியே விட்டார்கள். மகளின் பள்ளிக்கூடச் சந்தியில் குடையும் எழுதும் அட்டையுமாக நின்றேன். அபராதச் சம்மன் எழுத வந்தவள் என்று நினைத்துக் கார்கள் மஞ்சளிலேயே நின்றன. அத்தனை ஒழுக்கத்தில் வரிசை நீண்டுகொண்டே போனது. கூடையில் கிடந்த ஹெல்மெட்டை அவசரமாக மாட்டிய மோட்டார் சைக்கிள்காரர் கெஞ்சினார்: “அக்கா, என் நம்பரை எழுதாதீங்க லா! பின்னாடி என் மச்சான் வர்றான், அவனோடத எழுதுங்க!”

இஞ்சினியரின் சப்பாத்து

சில நாளில் சனங்கள் என்னை மறந்தார்கள். வரிசை உண்மையாகவே சுருங்கியிருந்தது. ஆனால் கார்களுக்குக் கொடுத்த நேரத்தைக் கம்ப்யூட்டர் நடப்பவர்களிடமிருந்து பிடுங்கியிருந்தது. பெரியவர்களே பாதிச் சாலையில் ஓடினார்கள். அறிக்கை போய்விட்டால் இதுவே நிலைத்துவிடும். இஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன்.

“நம்மகிட்ட கேட்டது வண்டியைப் பத்தி மட்டும்தானேம்மா?” என்றார்.

“ஒரே ஒரு தடவை, ஆறு வயசுப் பிள்ளை மாதிரி நடந்து பாருங்க சார்.”

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! நல்ல மனுஷர், வந்தார். முதுகில் கனத்த புத்தகப் பை, குட்டிக் குட்டி அடி. நடுச்சாலையில் இருக்கும்போதே சிவப்பு விழுந்தது. லாரி ஹாரன் அடித்தது. காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு வாங்கச் சொன்னார்: “எழுதுங்கம்மா, நடக்கிறவங்களையும் சேர்த்து எழுதுங்க. நானே கையெழுத்துப் போடறேன்.”

ஜனவரி

நடப்பவர்களுக்கான நேரத்தைக் கூட்டினார்கள். பள்ளி திறந்த அன்று பச்சை விழுந்ததும் மகளோடு இறங்கினேன். கண் முழுக்க வரிசையில் நின்ற லாரி மேல்தான். எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தால், பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மகள் சொன்னாள்: “வந்துட்டோம் லா அம்மா, கையை விடுங்க, வலிக்குது!”

அந்தச் சந்தியில் கார்கள் இப்போது சற்றுக் கூடுதலாகக் காத்திருக்கின்றன என்று அறிக்கையில் ஒரு குறை எழுதியிருக்கிறேன். நான் இவ்வளவு சந்தோஷமாக எந்தக் குறையையும் எழுதியதில்லை.