சோனுன் விட்டுக்கொடுத்த பந்தயம்

குபாத் இறந்து வருஷம் திரும்பியதும் மகன் எர்மெக் ஊர் மெச்ச நினைவு விருந்து வைத்தான். அத்பாஷிப் பள்ளத்தாக்கில் பெரிய மனிதனின் வருஷ விருந்து குதிரைப் பந்தயம் இல்லாமல் நடக்காது. அதிலும் குபாத், தலைநகர் ஃபுரூன்ஸேயில் நடந்த பந்தயத்தில் ஜெயித்தவர். முதல் பரிசாக ஒரு காரைத் திடலில் நிறுத்தியிருந்தார்கள்.

குபாத்தின் மனைவி சோனுன் கறுப்பு உடுத்திக் கம்பளிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். “சாம்பல் குதிரை மேலேறி, தலைநகரில் முதல் வந்த என் ராசாவே” என்று அவள் இழுத்தபோது கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவள் அவள்தான்.

அந்தக் காலத்தில் அவள் கூட்டுப்பண்ணை லாயத்தில் வேலை பார்த்தாள். தானே பழக்கிய செந்நிறப் பெட்டைக் குதிரையில் ஏறினால் குபாத்துக்கு அவள் கிளப்பிய புழுதிதான் மிச்சம். உள்ளூரில் ஒரு தரம்கூட அவன் அவளை முந்தியதில்லை. இருவரையும் தலைநகருக்கு அனுப்பினார்கள். பந்தயத்தன்று காலையில் பண்ணைத் தலைவர் ஜூமாஷ் அவளை அங்கிருந்த லாயத்துக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“இந்தா பாரு பொண்ணே, இன்னிக்குக் குபாத் குதிரைதான் முதல்ல வரணும். மேலேருந்து சொல்லிட்டாங்க.”

“ஏண்ணே, என் குதிரைக்கு என்ன குறைச்சல்?”

“அத மேல போய்க் கேட்டு நான் வேலைய விடணுமா? கடைசித் திருப்பத்துல கடிவாளத்தப் பிடி. ஒரு சொல் வெளிய போகக் கூடாது.”

பிடித்தாள். குதிரை கழுத்தை உதறி முரண்டியது. அதன் வாய் நுரையில் ரத்தம் கலந்து தெறித்தது. ஜனங்கள் குபாத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அவளுக்கும் அவன்மேல் ஆசை இருந்தது. ‘பாவம், அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது. நாம ஏன் அவர் ஜெயிச்ச பெருமைய உடைக்கணும்?’ என்ற ஒரே நினைப்பில் குடித்தனம் நடத்தினாள். மருமகள் குதிரை ஏறினால் நன்றாயிருக்காது என்றார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பால் கறக்கப் போனாள். அவள் குதிரையை வேறு பண்ணைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விருந்தாளி வந்தால் குபாத் அந்தக் கதையை எடுப்பார். “இவளும் ஓட்டினா. கை நல்ல கைதான். கடைசித் திருப்பத்துல பயந்துட்டா. பொம்பளைக்கு அவ்வளவுதான் நெஞ்சு!” விருந்தாளிகள் சிரிப்பார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டே அவளும் சிரிப்பாள்.

விருந்தன்று மதியம், தொண்டு கிழமாகிவிட்ட ஜூமாஷைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். ஒப்பாரி முடிந்ததும் சோனுன் அவருக்குக் குமிஸ் ஊற்றிக் கொடுத்தாள். புளித்த குதிரைப்பாலை உறிஞ்சிவிட்டு அவர் சிரித்தார்.

“நல்லாப் பாடின. நீ அவனுக்குக் கெடச்சது என்னாலதானே!”

“என்னண்ணே சொல்றீங்க?”

“பந்தயத்துக்கு முந்தின நாள் என் காலப் பிடிச்சு அழுதானே! ‘அவளக் கட்டிக்கப் போறேன், அங்கயும் அவகிட்டத் தோத்தா ஊர்ல எவன் மதிப்பான்’னு. சரி, ஒரு குடும்பம் அமையட்டும்னு உன்கிட்ட வந்து சொன்னேன்.”

“மேலேருந்து சொன்னாங்கன்னீங்களே.”

“மேலயாவது, கீழயாவது! அவங்களுக்கு வேற சோலி இல்லையா? ஏன், அவன் சொல்லலையா? ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்.”

தோற்றது சோனுனுக்கு என்றைக்கோ ஆறிப்போயிருந்தது. ஆயுசு முழுக்க அந்த மனுஷன்மேல் வைத்த இரக்கம்தான் இப்போது கசந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து, பயந்துட்டா என்று சொல்லித் தேநீர் குடித்திருக்கிறான். ஏன் என்று கேட்கலாமென்றால் ஆள் மண்ணுக்குள் இருக்கிறான்.

வெளியே அடுத்த கூட்டம் வந்து இறங்கியது. நாத்தனார் அனிபா முழங்கையால் இடித்தாள். “அண்ணி, ஆரம்பிங்க.”

“சாம்பல் குதிரை...” என்றதோடு சோனுனுக்குக் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை அனிபாவே பாடி முடித்தாள். “பாவம், அண்ணன் மேல உசுரு” என்று வந்தவர்களிடம் சொன்னாள்.

பந்தயத்தில் யாரோ பணக்காரனின் வெளிநாட்டுக் குதிரை ஜெயித்தது. சோனுன் கையால் கார்ச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். பிறகு துக்கம் முடிந்ததற்கு அடையாளமாகப் பெண்கள் அவள் கறுப்பைக் களைந்து வெள்ளை முக்காடு போட்டார்கள்.

சாயங்காலம் மகனிடம் நடந்ததைச் சொன்னாள். எர்மெக் யாரும் கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அம்மா, இத வெளிய விட்டுடாத. அப்பா பேர்ல வருஷா வருஷம் பந்தயம் நடத்தறதுன்னு முடிவாயிடுச்சு.”

“அப்ப என் பேரு?”

“உன்ன யாரும்மா குறை சொன்னா? ரெண்டாவதா வந்ததும் பெருமைதானே?”

மறுவருஷம் பந்தயத்துக்குக் கூப்பிட வந்தவர்களிடம் சோனுன் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மைக்கில் குபாத்தின் பெருமை சொல்வது அங்கேயும் கேட்டது.